ஜவ்வாது மலை இரவும் ஒரு வெறித்தனமான ரசிகனும்: ஃப்ரெடி மெர்குரியின் கதை

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் தாண்டி காவலூர் ரோட்டில் ஏற ஆரம்பிச்சதுமே போனில் டவர் ஒவ்வொரு கோடா குறையும். அதனால ஜவ்வாது மலைக்குக் கிளம்புறவங்க செய்ய வேண்டிய முதல் வேலை, பாட்டை எல்லாம் டவுன்லோடு பண்ணி வச்சுக்கிறது. மாசி மாசத்துல, அமாவாசையை ஒட்டின ஒரு ராத்திரி. மொட்டை மாடியில் பாயை விரிச்சுப் படுத்தா, தலைக்கு மேல அவ்வளவு நட்சத்திரம். காதுல ஹெட்போன். ஓடிக்கிட்டிருந்தது குயின் இசைக்குழுவோட 'பொஹிமியன் ராப்சடி'.

எதுக்கு இந்த மலைக்கும் அந்தப் பாட்டுக்கும் முடிச்சுப் போடுறேன்னு கேக்கலாம். காரணம் இருக்கு. காவலூரில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம், நம்ம நாட்டின் முக்கியமான தொலைநோக்கி மையங்களில் ஒன்று. இங்கே 1988-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குக் கணித மேதை ராமானுஜன் பேரை வச்சாங்க. அதே மாதிரி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற இன்னொரு சிறுகோளுக்கு ஃப்ரெடி மெர்குரி பேர் இருக்கு. எண் 17473. ராமானுஜன் கல்லும் ஃப்ரெடி கல்லும் ஒரே கூட்டத்துலதான் சுத்திக்கிட்டிருக்கு.

ஸ்டேடியத்துல 'வி வில் ராக் யூ' தாளத்துக்கு நீங்களும் கை தட்டியிருப்பீங்க. 'பொஹிமியன் ராப்சடி' படத்தை ஓடிடியில பார்த்திருப்பீங்க. வெள்ளை பனியன், மீசை, பாதி மைக் ஸ்டாண்டு. ஃப்ரெடின்னா நமக்கு ஞாபகம் வர்றது இவ்வளவுதான். ஆனா அந்தப் படம் கிட்டத்தட்ட தொடாமலே தாண்டிப்போன ஒரு ஃப்ரெடி இருக்கார். மேடை ஏறுறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா கூட்டத்துல நின்னு கத்திய ரசிகர். இது அந்த ரசிகரோட கதை.

கப்பலில் வந்த எட்டு வயசுப் பையன்

1946 செப்டம்பர் 5. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்துல இருக்கிற சான்சிபார் தீவில், ஒரு பார்சி குடும்பத்தில் ஃபரோக் பல்சாரா பிறந்தான். அப்பா போமி, பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர் வேலை. அம்மா ஜெர். பல்சாராங்கிற குடும்பப் பேரே குஜராத்தில் இருக்கிற புல்சார் ஊரில் இருந்து வந்தது. இன்னிக்கு அந்த ஊருக்குப் பேர் வல்சாட்.

படிப்பு நல்லா இருக்கணும்னு, எட்டு வயசுப் பையனைக் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. மகாராஷ்டிராவில், மேற்குத் தொடர்ச்சி மலை மேல இருக்கிற பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் போர்டிங் ஸ்கூல். அம்மா அப்பா கடலுக்கு அந்தப் பக்கம். பம்பாயில் சில உறவுக்காரங்க. மத்தபடி மலை, பனி, பிரேயர் மணி. ஹாஸ்டலில் படிச்சவங்களுக்கு இந்தத் தனிமை புரியும்.

அவனுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்துச்சு. வாயில் கூடுதலா நாலு பல். அதனால முன்பல் துருத்திக்கிட்டு இருக்கும். ஸ்கூல் பசங்க சும்மா விடுவாங்களா? பட்டப்பேர் வச்சாங்க. சிரிக்கும்போது கையால வாயை மறைக்கிற பழக்கம் அவர்கிட்ட வாழ்நாள் முழுக்க இருந்துச்சு. அந்தப் பல்லைச் சரிபண்ணினா குரல் மாறிடுமோன்னு பயந்து கடைசி வரைக்கும் அவர் அதைத் தொடவே இல்ல.

ஆனா பையன் சாதாரண ஆள் இல்ல. டேபிள் டென்னிஸில் கெட்டிக்காரன். பியானோ கத்துக்கிட்டான். பாடப் புத்தகத்தைவிட அவனுக்கு ரேடியோ பிடிச்சிருந்தது. ஒரு பாட்டை ரேடியோவில் ஒரு தடவை கேட்டா போதும், உடனே போய் பியானோவில் வாசிச்சுக் காட்டுவான்னு கூடப் படிச்சவங்க ஞாபகம் வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல நம்ம துணைக்கண்டத்துக்கு மேல்நாட்டுப் பாட்டைக் கொண்டுவந்து கொட்டினது ரேடியோ சிலோன். 1950-களின் கடைசியில் ராக் அண்ட் ரோல் அலை உலகம் முழுக்கப் பரவிக்கிட்டிருந்தது. எல்விஸ் பிரெஸ்லி, லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட். இதுல கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது லக்னோவில்ங்கிறது கூடுதல் தகவல்.

அந்தப் பாட்டுகளை வாசிக்கவே ஸ்கூல் நண்பர்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பேண்டு ஆரம்பிச்சாங்க. பேர் 'தி ஹெக்டிக்ஸ்'. சொந்தப் பாட்டு எதுவும் கிடையாது. பிடிச்ச பாட்டைத் திரும்ப வாசிக்கிறதுதான் வேலை. அதுல நம்மாளு பாடகர் இல்ல. பின்னாடி உட்கார்ந்து பியானோ வாசிச்சவன். ஃபரோக்ங்கிற பேரும் அங்கேதான் ஃப்ரெடியாச்சு.

அதே நேரம் பம்பாய் அத்தை வீட்டுலயும் தெருவுலயும் லதா மங்கேஷ்கர் குரல் கேட்டுக்கிட்டே இருந்த காலம் அது. அந்தக் குரலும் அவர் காதுல பதிஞ்சதுன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. அடிவயிற்றில் இருந்து எழும்பி உச்சிக்குப் போய் அங்கேயே நிக்கிற ஒரு குரலைப் பின்னாடி உலகம் கேட்டப்போ, அதுல பாதி உலகத்தோட சாயல் இருந்ததுல ஆச்சரியம் இல்ல.

ஹெண்ட்ரிக்ஸ் பைத்தியம்

1963-ல் ஃப்ரெடி சான்சிபாருக்குத் திரும்பினார். அடுத்த வருஷம் ஜனவரியில் அங்கே புரட்சி வெடிச்சது. ஆயிரக்கணக்கில் அரபுகளும் இந்தியர்களும் கொல்லப்பட்டாங்க. பல்சாரா குடும்பம் கையில் கிடைச்சதை எடுத்துக்கிட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிடுச்சு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஃபெல்தம்னு ஒரு புறநகர். அங்கே ஒரு சின்ன வீடு. இன்னிக்கு அந்த வீட்டுச் சுவரில் நீல நிறப் பலகை ஒண்ணு மாட்டி வச்சிருக்காங்க.

17 வயசு. புது நாடு. மாநிறம். வீட்டுக்கு வெளியே போனா அந்நியன். அந்த வயசுல புலம்பெயர்ந்த ஒரு பையன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்? ஃப்ரெடி பாட்டைப் பிடிச்சுக்கிட்டார்.

ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் சேர்ந்தார். லீவில் ஹீத்ரோவில் பெட்டி தூக்கிற வேலை. அந்த நேரம் பார்த்து, 1966 செப்டம்பரில், அமெரிக்காவில் இருந்து ஒருத்தர் லண்டனில் வந்து இறங்கினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இடதுகைக்காரர். வலதுகை கிட்டாரைத் திருப்பிப் போட்டு வாசிப்பார். பல்லால வாசிப்பார். வெள்ளைக்கார கிட்டார் நட்சத்திரங்கள் நிரம்பிய ஊரில், ஒரு கறுப்பின இளைஞர் சில மாசத்துல எல்லாரையும் ஓரமா நிக்க வச்சுட்டார்.

ஃப்ரெடிக்குப் பித்துப் பிடிச்சது. நம்ம ஊர்ல முதல் நாள் முதல் காட்சிக்கு அலையிற மாதிரி, ஹெண்ட்ரிக்ஸ் எங்கே வாசிச்சாலும் தேடிப் போனார். க்ளப், பப், தியேட்டர்னு திரும்பத் திரும்பப் பார்த்தார். கல்லூரியில் வரையச் சொன்னதை விட்டுட்டு ஹெண்ட்ரிக்ஸையே வரைஞ்சார். அறைச் சுவர் முழுக்க அவர் படம்தான். வகுப்பில் ஸ்கேலைக் கிட்டார் மாதிரி பிடிச்சுக்கிட்டு ஹெண்ட்ரிக்ஸாவே மாறி நண்பர்களைச் சிரிக்க வைப்பார்.

யோசிச்சுப் பார்த்தா, அது வெறும் ரசிப்பு மட்டும் இல்லைன்னு தோணுது. மேடையில் ஒருத்தன் தன் தோற்றத்துக்காக வெட்கப்படத் தேவையில்லைங்கிறதை அந்தப் பையன் அங்கே நேர்ல பார்த்தான். பூப்போட்ட சட்டை, வெல்வெட் கோட்டு, கழுத்துல ஸ்கார்ஃபு, அத்தனை கண்ணும் தன் மேல. அது ஒரு பாடம். ஃபீஸ் கட்டின கல்லூரியில் கிடைக்காத பாடம்.

கூட்டத்தில் நின்றவர்

கல்லூரியில் டிம் ஸ்டாஃபெல்னு ஒரு நண்பர். அவர் 'ஸ்மைல்'னு ஒரு பேண்டில் பாடிக்கிட்டிருந்தார். அதுல கிட்டார் பிரையன் மே. இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படிச்சவர். டிரம்ஸ் ரோஜர் டெய்லர். பல் மருத்துவம் படிக்க லண்டன் வந்தவர்.

2018-ல் வந்த படத்துல என்ன காட்டுவாங்க? ஒரு ராத்திரி பாடகர் பேண்டை விட்டுப் போவார், அதே ராத்திரி ஃப்ரெடி பார்க்கிங்ல வந்து நிப்பார், பாடிக் காட்டுவார், வேலை முடிஞ்சது. உண்மை அவ்வளவு சுலபமா நடக்கல. ஃப்ரெடி ஸ்மைலுக்கு ரொம்ப நாள் ரசிகர். வேனில் கூடவே போவார். கச்சேரி முடிஞ்சதும் அட்வைஸ் மழை. டிரெஸ் சரியில்லை, நிக்கிற விதம் சரியில்லை, பார்க்கிறவங்களைப் பார்க்க வைக்கணும்னு நச்சரிப்பார். நம்ம நண்பர்கள் கூட்டத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பார்ல? எதையும் செய்யாம எல்லாத்தையும் சொல்ற ஆள். அவங்க கண்ணுக்கு ஃப்ரெடி அப்படித்தான் தெரிஞ்சிருப்பார்.

ஆனா அவர் சும்மா இருக்கல. 1969-ல் ஐபெக்ஸ்னு ஒரு லிவர்பூல் பேண்டில் சேர்ந்து பாடினார். அது கலைஞ்சது. இன்னொண்ணுல சேர்ந்தார். அதுவும் ஓடல. செலவுக்கு ரோஜரோட சேர்ந்து கென்சிங்டன் மார்க்கெட்டில் ஒரு கடை போட்டார். பழைய துணிமணி, கலைப் பொருள்னு வித்தாங்க. வருமானம் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

1970-ல் டிம் ஸ்மைலை விட்டு விலகினார். அந்த இடத்துக்கு ஃப்ரெடி வந்தார். வந்த வேகத்துல பேண்டு பேரை 'குயின்'னு மாத்தினார். தன் பேரையும் மாத்தினார். பல்சாரா போய் மெர்குரி வந்தது. டிசைன் படிச்சது வீண் போகல. நாலு பேரோட ராசியையும் வச்சு ஒரு சின்னம் வரைஞ்சார். சிம்ம ராசிக்காரங்க ரெண்டு பேருக்கு ரெண்டு சிங்கம், பிரையனுக்கு நண்டு, கன்னி ராசியான தனக்கு ரெண்டு தேவதைகள், மேல சிறகு விரிச்ச ஃபீனிக்ஸ். குயின் ஆல்பங்களில் நீங்க பார்க்கிற அந்தச் சின்னம் ஃப்ரெடி கை வேலை. 1971-ல் ஜான் டீக்கன் பேஸ் கிட்டாரோட வந்து சேர, கூட்டணி முழுசாச்சு.

நடுவுல ஒரு சம்பவம். 1970 செப்டம்பர் 18-ம் தேதி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்துபோனார். வயசு 27 தான். செய்தி கேட்ட அன்னிக்கு ஃப்ரெடியும் ரோஜரும் துக்கம் அனுசரிச்சு மார்க்கெட் கடையை மூடிட்டாங்கன்னு சொல்வாங்க. கையில் காசில்லாத ரெண்டு பேர், ஒரு நாள் வியாபாரத்தை விட்டுக்கொடுத்தாங்க. ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ரெக்கார்டு அலமாரியில் இருந்து வந்த பாட்டு

குயினோட முதல் ஆல்பம் 1973-ல் வந்தது. பெருசா விக்கல. பேர் வாங்கிக் கொடுத்தது 1975-ல் வந்த நாலாவது ஆல்பம், 'எ நைட் அட் தி ஓபரா'. அந்தத் தலைப்பே ஒரு சினிமாத் தலைப்புதான். மார்க்ஸ் சகோதரர்கள் நடிச்சு 1935-ல் வந்த காமெடிப் படம். அடுத்த ஆல்பத்துக்கும் அவங்களோட இன்னொரு படப் பேரையே வச்சாங்க.

அந்த ஆல்பத்துலதான் 'பொஹிமியன் ராப்சடி'. ஒரு ரசிகரோட மொத்த ரெக்கார்டு அலமாரியையும் ஒரே பாட்டுல கவிழ்த்தா எப்படி இருக்கும்? அதுதான் இது. மெதுவான பியானோ பாட்டா ஆரம்பிக்கும். நடுவுல ஓபரா. அப்புறம் ஹெவி ராக். கடைசியில் திரும்ப அமைதி. கோரஸ்னு ஒண்ணு கிடையாது. நீளம் 5 நிமிடம் 55 நொடி. அந்தக் காலத்து ரேடியோவுக்கு 3 நிமிடப் பாட்டுதான் கணக்கு.

நடுவுல வர்ற அந்த ஓபரா கூட்டம், நிஜத்துல மூணே பேர். ஃப்ரெடி, பிரையன், ரோஜர் மூணு பேரும் வாரக்கணக்கில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, டேப் மேல டேப்பா அடுக்கினாங்க. அப்போ கம்ப்யூட்டர் இல்ல. 24 டிராக் டேப்பில் பதிஞ்சதை இன்னொரு டிராக்குக்கு மாத்தி, காலியான இடத்துல மறுபடியும் பாடணும். கிட்டத்தட்ட 180 அடுக்கு. டேப் ஓடி ஓடித் தேய்ஞ்சு, வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியிற நிலைமைக்கு வந்துடுச்சாம்.

ரெக்கார்டு கம்பெனி தயங்குச்சு. இவ்வளவு நீளமான பாட்டை யார் போடுவாங்க? கென்னி எவெரெட்னு ஒரு ரேடியோ டிஜே, ஃப்ரெடியோட நண்பர். அவர் கையில் ஒரு காப்பி போச்சு. ஒரு வார இறுதியில் 14 தடவை போட்டார். திங்கட்கிழமை கடை வாசலில் கூட்டம். 1975 அக்டோபர் 31-ல் வெளியான பாட்டு, இங்கிலாந்தில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது.

பெரிய நட்சத்திரம் ஆன பிறகும் அவர்கிட்ட அந்த ரசிகர் குணம் போகல. 1979-ல் மியூனிக் ஹோட்டலில் குளிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு பாட்டு தோணுச்சு. 'க்ரேஸி லிட்டில் திங் கால்டு லவ்'. கொஞ்ச நிமிஷத்துல எழுதி முடிச்சார். கேட்டுப் பாருங்க, அப்படியே 1950-களோட எல்விஸ் வாசனை. பஞ்ச்கனி ஸ்கூல் பியானோவில் வாசிச்ச அதே ராக் அண்ட் ரோல். அமெரிக்காவில் குயினுக்குக் கிடைச்ச முதல் நம்பர் ஒன் பாட்டு அதுதான்.

1980 டிசம்பர் 8-ம் தேதி நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் லண்டனில் குயின் கச்சேரி. லெனனோட 'இமேஜின்' பாட்டை மேடையில் பாடினாங்க. அதோட விடல. லெனனுக்காகவே ஒரு பாட்டை எழுதி 1982 ஆல்பத்துல சேர்த்தார் ஃப்ரெடி. மேடையில் இருந்தாலும் அவருக்குள்ள இருந்தது ரெக்கார்டு வாங்க வரிசையில் நின்ன பையன்தான்.

லண்டனில் அவர் வீடு, கார்டன் லாட்ஜ். சமையலறையில் காசு போட்டா ரெக்கார்டு பாடுற பழைய ஜூக்பாக்ஸ் ஒண்ணு வச்சிருந்தார். வீடு முழுக்கப் பூனைகள். 1985-ல் போட்ட தனி ஆல்பத்தைப் பூனைகளுக்கே சமர்ப்பணம் பண்ணினவர் அவர்.

21 நிமிடம்

1977 மே மாதம், இங்கிலாந்தின் பிங்லி ஹாலில் ஒரு கச்சேரி. முடிஞ்சு பேண்டு உள்ளே போயிடுச்சு. ஆனா கூட்டம் கலையல. கால்பந்து ரசிகர்கள் பாடுற ஒரு பாட்டை எல்லாரும் சேர்ந்து பாட ஆரம்பிச்சாங்க. பேண்டு அசந்துபோச்சு. ரசிகர்கள் நமக்காகப் பாடுறாங்கன்னா, அவங்க பாடுறதுக்குன்னே நாம ஏன் பாட்டு எழுதக் கூடாது? பிரையன் 'வி வில் ராக் யூ' எழுதினார். ஃப்ரெடி 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' எழுதினார். ரெண்டும் ஒரே ரெக்கார்டின் ரெண்டு பக்கமா வெளியாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஜெயிச்ச டீம் கப்பைத் தூக்குற இடத்துல எல்லாம் அந்தப் பாட்டு ஒலிக்குது.

ரசிகரா இருந்த ஒருத்தருக்குத்தான் கூட்டத்தோட ஆசை தெரியும். கூட்டத்துக்குச் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கப் பிடிக்காது, கலந்துக்கணும். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், லைவ் எய்டு. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி. நேர்ல 72,000 பேர். டிவியில் உலகம் முழுக்க நூறு கோடிக்கும் மேல பார்த்ததா கணக்கு. டிக்கெட் வாங்கினவங்க குயினுக்காக மட்டும் வந்தவங்க இல்ல. பகல் வெளிச்சம், சவுண்ட் செக் பண்ண நேரம் கிடையாது. கிடைச்சது 21 நிமிடம்.

ஃப்ரெடி வந்தார். 'ரேடியோ கா கா' வந்தப்போ 72,000 பேர் ஒரே நேரத்துல கையைத் தூக்கித் தட்டினாங்க. நடுவுல பாட்டை நிறுத்திட்டு ஒரு ஸ்வரத்தைப் பாடுவார், கூட்டம் திருப்பிப் பாடும். இன்னும் மேல போவார், கூட்டமும் போகும். நம்ம கச்சேரியில் குரு பாட சிஷ்யன் திருப்பிப் பாடுற மாதிரி. ராக் வரலாற்றிலேயே சிறந்த மேடை நிகழ்ச்சி எதுன்னு கேட்டா இதைத்தான் பலர் கை காட்டுறாங்க. யூடியூபில் இருக்கு. பார்க்கலைன்னா இன்னிக்கே பார்த்துடுங்க.

மறு வருஷம் 1986 ஆகஸ்ட் 9-ல் நெப்வொர்த் மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னாடி பாடினார். குயினோட அவர் செய்த கடைசிக் கச்சேரி அது. அன்னிக்கு அது யாருக்கும் தெரியாது.

ஓபரா டிக்கெட்

1983-ல் ஃப்ரெடி லண்டன் ராயல் ஓபரா ஹவுஸுக்கு ஒரு ஓபரா பார்க்கப் போனார். பவரொட்டி பாடுறார்னுதான் போனார். ஆனா மேடைக்கு மோன்செராட் கபாயே வந்தார். ஸ்பெயின் நாட்டுக்காரர், உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகி. அந்தக் குரலைக் கேட்டதும் ஃப்ரெடி பவரொட்டியை மறந்துட்டார். அப்புறம் கபாயே ரெக்கார்டா வாங்கிக் குவிச்சார். ஸ்பெயின் டிவி பேட்டியிலேயே அவரைப் பத்திப் புகழ்ந்து தள்ளினார்.

1987 மார்ச்சில் பார்சிலோனாவில் ஒரு ஹோட்டலில் ரெண்டு பேரும் சந்திச்சாங்க. ஆயிரக்கணக்கான பேரைக் கைக்குள்ள வச்சிருந்தவர், அவர் வர்றதுக்குள்ள பதற்றத்துல தவிச்சார். சந்திப்பு கூட்டணியாச்சு. 1988-ல் 'பார்சிலோனா' ஆல்பம் வந்தது. ராக் பாடகர் ஓபரா பாடகியோட முழு ஆல்பம் போடுறது அப்போ யாரும் யோசிக்காத விஷயம். தன் ஹீரோவோட சேர்ந்து பாடணும்ங்கிறது எல்லா ரசிகருக்கும் இருக்கிற கனவு. ஃப்ரெடிக்கு அது நடந்தது.

சொல்லாமல் வைத்தது

அந்தச் சந்தோஷம் நடந்துக்கிட்டிருந்த அதே 1987-ல், தனக்கு எய்ட்ஸ் இருக்கிறது ஃப்ரெடிக்குத் தெரியவந்தது. படத்துல லைவ் எய்டுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி காட்டியிருப்பாங்க. நிஜத்துல அது ரெண்டு வருஷம் கழிச்சு.

அன்னிக்கு அதுக்குச் சரியான மருந்தே கிடையாது. நோயைவிடப் பெரிய பிரச்னை, அதைச் சுத்தி இருந்த பயமும் கேவலமும். நம்ம ஊர் நிலைமையும் வேற இல்ல. இந்தியாவில் முதன்முதலா எச்.ஐ.வி தொற்றைக் கண்டறிஞ்சது 1986-ல், சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. பாதிக்கப்பட்டவங்களைத் தொடவே பயந்த காலம் அது.

ஃப்ரெடி ஆண்களை நேசிச்சவர். இங்கிலாந்தில் அதைக் குற்றமாக்கின சட்டம் 1967-ல்தான் தளர்ந்தது. அதாவது அவர் கல்லூரியில் இருந்தப்போ. அவர் படிச்சு வளர்ந்த இந்தியாவில் அந்தச் சட்டம் விலக 2018 செப்டம்பர் 6 வரைக்கும் ஆச்சு. இதுல ஒரு விஷயம் கவனிங்க, அது அவர் பிறந்தநாளுக்கு மறுநாள். பெற்றோர் மதப்பற்று உள்ளவங்க. அவங்ககிட்ட அவர் இதைப் பத்தி வெளிப்படையா பேசினதில்ல. ஒரு காலத்துல கல்யாணம் பேசின மேரி ஆஸ்டின் கடைசி வரைக்கும் நெருங்கின தோழியா இருந்தார். கடைசி வருஷங்களில் கூடவே இருந்து பார்த்துக்கிட்டவர் அவர் காதலர் ஜிம் ஹட்டன்.

பத்திரிகைகள் வாசலில் காத்துக் கிடந்தன. உடம்பு இளைக்கிறதைப் படம் பிடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. ஃப்ரெடி மறுத்துக்கிட்டே வேலை செஞ்சார். நிக்க முடியாத நிலையிலும் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரூ ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிக் கொடுத்தார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு பதிஞ்சு வச்சிட்டுப் போகணும்ங்கிற அவசரம். அதுல மிஞ்சின பாட்டுகள் அவர் போன பிறகு 1995-ல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பமா வந்தது. 1991 மே மாதம் எடுத்த கடைசி வீடியோவில், மேக்கப்பையும் தாண்டி அந்த இளைப்பு தெரியும். ஆனா கேமராவைப் பார்க்கிற பார்வையில் துளி பரிதாபம் கேட்டிருக்க மாட்டார்.

1991 நவம்பர் 23-ம் தேதி, தனக்கு எய்ட்ஸ் இருக்குன்னு ஒரு அறிக்கை வெளியிட்டார். அடுத்த நாளே இறந்துட்டார். வயசு 45. ஜொராஸ்திர பூசாரிகள் சடங்கு செய்ய, லண்டனில் தகனம் நடந்தது. அஸ்தி எங்கே இருக்குன்னு மேரி ஆஸ்டினைத் தவிர வேற யாருக்கும் தெரியாது.

முன்னாடியே சொல்லியிருந்தா பல பேருக்குத் தைரியம் வந்திருக்கும்னு சிலர் வருத்தப்பட்டாங்க. அது நியாயமான வருத்தம்தான். ஆனா பட்டப்பேரில் ஆரம்பிச்சு பத்திரிகை வரைக்கும் வாழ்நாள் பூரா மத்தவங்க பார்வையைச் சமாளிச்ச ஒருத்தர், கடைசி நாலு வருஷத்தைத் தனக்குன்னு வச்சுக்கிட்டதைக் குத்தம் சொல்லவும் மனசு வரல.

1992 ஏப்ரல் 20-ம் தேதி அதே வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி. டேவிட் போவி, எல்டன் ஜான், ஜார்ஜ் மைக்கேல்னு பெரிய வரிசை. எய்ட்ஸ் விழிப்புணர்வை உலகம் முழுக்க டிவி வழியா கொண்டுபோன நிகழ்ச்சி அது. அதுல வந்த பணத்துல தொடங்கினதுதான் மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை. இன்னிக்கு எச்.ஐ.வி-க்கு மருந்து இருக்கு, ஒழுங்கா எடுத்துக்கிட்டா முழு ஆயுசும் வாழலாம், நம்ம அரசு மருத்துவமனை ஏ.ஆர்.டி மையங்களில் இலவசமாவே கிடைக்குது. அவருக்குத்தான் காலம் கொஞ்சம் முந்திடுச்சு.

அன்னிக்கு மேடையில் கடைசியா வந்தவர் லைசா மினெலி. 1972-ல் வந்த 'காபரே' படத்தோட கதாநாயகி. இளம் வயசில் ஃப்ரெடி விழுந்து விழுந்து ரசிச்ச நடிகை. மேடையை எப்படி ஆளணும்னு அவர் பார்த்துக் கத்துக்கிட்டவங்களில் ஒருத்தர். அந்த லைசா நின்னு, ஃப்ரெடி எழுதின 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' பாட்டைப் பாடினார். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து பார்த்த ரசிகனுக்கு, திரையில் இருந்தவரே வந்து மரியாதை செய்த மாதிரி ஆச்சு.

மறுபடியும் காவலூர்

பிரையன் மே 1970-களில் பாதியில் விட்ட வானியல் ஆராய்ச்சியை மறுபடி எடுத்து, 2007-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் ஆராய்ஞ்சது, கிரகங்களுக்கு நடுவுல மிதக்கிற தூசியை. சூரியன் மறைஞ்ச பிறகு, மேற்கு அடிவானத்துல இருந்து சாய்வா மங்கலான ஒரு வெளிச்சம் எழும்பும். அந்தத் தூசியில் சூரிய ஒளி பட்டு வர்றது அது. நகரத்துல தெரியவே தெரியாது. ஜவ்வாது மலை மாதிரி விளக்கு குறைஞ்ச இடத்துல, மாசி மாச அமாவாசையில் தெரிய வாய்ப்பு உண்டு.

17473-ம் எண் சிறுகோளை 1991-ல், அதாவது ஃப்ரெடி இறந்த அதே வருஷம் கண்டுபிடிச்சாங்க. 2016-ல், அவரோட 70-வது பிறந்தநாளுக்கு அதுக்கு அவர் பேரை வச்சாங்க. அதை உலகத்துக்கு அறிவிச்சது பிரையன் மே. ஒரு காலத்துல வேனில் கூடவே வந்து டிரெஸ் சரியில்லைன்னு நச்சரிச்ச நண்பனுக்கு, அவரால செய்ய முடிஞ்ச மரியாதை.

அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. சாமைக் காட்டைத் தாண்டிக் குளிர்காத்து அடிக்குது, பாட்டு முடிஞ்சு ஹெட்போன் அமைதியாகுது. ஹாஸ்டலில் ரேடியோ பக்கத்துல காதை வச்சுக்கிட்டிருந்த ஒரு பையன், இப்போ மேல எங்கேயோ ராமானுஜனோட சேர்ந்து சுத்திக்கிட்டிருக்கான்னு நினைச்சா நல்லாத்தான் இருக்கு.

அடுத்த தடவை உங்க வீட்டுல யாராவது ஒரு பாட்டுக்காரனுக்கோ நடிகருக்கோ பித்துப் பிடிச்சு அலைஞ்சா, உடனே திட்டிடாதீங்க. அவங்க என்ன கத்துக்கிட்டிருக்காங்கன்னு அவங்களுக்கே இன்னும் தெரிஞ்சிருக்காது.